தலைக்கு ஒரு பொம்மை

இரண்டரை வயதுக் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பாடுகிறது, அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு மூணு என்று பத்து வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும். அம்மாவும் அப்பாவும் கைதட்டி, போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவார்கள். அதே குழந்தையின் முன்னால் மூன்று வாழைப்பழத்தை வைத்து எத்தனை என்று கேட்டால், அது ஒரு பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பெற்றவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் போகும் தெருவில் எங்கள் வீடு. முன்ஹாலிலும் அதை ஒட்டிய அறையிலும் சின்னக் குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பிளே ஸ்கூல் என்று போர்டு மாட்டியிருக்கிறேன். தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'புள்ள வுடற எடம்' என்பார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. காலையில் மணவூரிலிருந்து ரயிலில் இங்கே வேலைக்கு வருகிற ஒரு அம்மா இடுப்பில் தூங்குகிற குழந்தையோடு வருவார். கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் டிபன் கடை போட்டிருக்கும் தம்பதி பைக்கில் வந்து, வண்டியை நிறுத்தாமலேயே இறக்கிவிட்டுப் போவார்கள். முன்பு நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள். அங்கே இருந்து இங்கே வந்ததைப் பதவி இறக்கம் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஒன்று என்றால் என்ன என்று ஒரு நாள் முழுக்க விளக்கிவிட்டு வந்து பேசட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் துணை ஆயாம்மா. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். முன்பு நடவுக்கும் களைக்கும் போனவர். இரண்டு குழந்தைகளை ஒரே இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்றாவதன் மூக்கைத் துடைத்துவிடுவார். அவருக்கும் எனக்கும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொண்டது, அதுவும் எண்ணுவதில்தான்.

பள்ளிக்கூடத்துப் பழக்கம், நான் குழந்தைகளின் தலையைத் தொட்டு எண்ணுவேன். உள்ளே வந்ததும் ஒரு தடவை, வெளியே விளையாடிவிட்டுத் திரும்பியதும் ஒரு தடவை. ஆயாம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னா மிஸ், ஆட்டுக்குட்டி கணக்கா புள்ளைங்கள எண்றீங்க? கண்ணு பட்டுடும்."

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த வாரமே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். இன்னொன்றுக்கு வயிற்றுப்போக்கு. சின்னக் குழந்தைகள் ஒரு கூரையின் கீழ் இருந்தால் இதெல்லாம் வரத்தான் செய்யும். ஆனால் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள், மிஸ் எண்ணுகிறார்களாம் என்று. சாயங்காலம் கூட்டிப்போக வந்தவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியதும் முதல் வேலையாகச் சுற்றிப் போட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நேராக வந்து கேட்டவள் ஒருத்திதான். அடிவாரத்தில் குளத்துக்குப் பக்கத்துப் பூக்கடையில் பூக்கட்டுகிற பெண். புருஷன் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குகிற நாள் குறைவு. கல்யாணமாகி வெகுநாள் கழித்து, மலைக்கு வேண்டிக்கொண்டு பெற்ற ஒரே பையன். எங்களிடம் இருந்ததிலேயே சின்னவன், அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அம்மா, நைனா, பூ, அத்தோடு சரி.

"மத்த புள்ளைங்கள இன்னா பண்ணுவீங்களோ தெரியாது மிஸ். எம்புள்ளய எண்ணாதீங்க," என்றாள். ஏன் என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். கையில் இருந்த பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "மாசத்த எண்ணி எண்ணியே எனக்கு மூணு போச்சு. நாலாவது மாசம்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், போய்டும். இவன வயித்துல வெச்சிகினு இருந்தப்ப ஒரு நாளும் எண்ணல. டாக்டரம்மா சொல்ல வந்தாக்கூட காதப் பொத்திப்பேன். இவன் எண்ணாம வந்த புள்ள."

பத்தாம் வகுப்புப் பையன் யாராவது இப்படிப் பேசியிருந்தால் நிற்க வைத்துப் பாடம் எடுத்திருப்பேன். இவளுக்கு என்ன சொல்வது? சரி, எண்ணவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எண்ணாமல் எப்படி இருப்பது? வாசலில் ஓயாமல் வண்டி போகிற தெரு. அப்போது உதித்த யோசனைதான் பொம்மைகள். பஞ்சு அடைத்த பொம்மைகள் வீட்டில் ஏற்கெனவே நிறையக் கிடந்தன. என் அக்கா மகள் விளையாடித் தூக்கிப் போட்டவை கொஞ்சம், திருவிழாத் தள்ளுவண்டியில் நான் வாங்கியவை கொஞ்சம். குழந்தைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தேன். வந்ததும் தன் பொம்மையைக் கூடையிலிருந்து எடுத்து, பாயில் வரிசையாக வைத்துவிட்டு, அதன் பின்னால் உட்கார வேண்டும். வெளியே போனால் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்தால் மறுபடியும் வரிசையில் வைக்க வேண்டும். நான் பொம்மையை எண்ணுவேன். ஆயாம்மா இதற்கு ஒத்துக்கொண்டார். பொம்மைக்குக் கண் பட்டால் பொம்மைக்கு என்ன ஆகப் போகிறது, தையல் விட்டால் தைத்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கும் இதில் லாபம்தான். எண்ணுவது எப்படி என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல சாமான் கிடையாது. மணியைக் கொடுத்தால் மூக்கில் போட்டுக்கொள்ளும். கட்டையைக் கொடுத்தால் பக்கத்துக் குழந்தையின் மண்டையில் போடும். பொம்மையை அதிகபட்சம் கடிக்கும்.

யானை, கரடி, முயல், குரங்கு, பூனை, ஒட்டகச்சிவிங்கி என்று பதினொரு பொம்மைகள். ஒன்று நாயா ஆடா என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது. பென்குயினை ஆயாம்மா வாத்து என்றே சொல்லிவந்ததால் எல்லாக் குழந்தைகளும் வாத்து என்றன, கடைசியில் நானும் வாத்து என்றேன். சனிக்கிழமை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்து, காதில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடுவோம். அதை ஒரு தடவை பார்த்துவிட்டு முயல்காரன் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. அதிலிருந்து குழந்தைகள் இல்லாத நேரமாகப் பார்த்துத் துவைக்கிறோம்.

முதல் பாடம், ஒரு பொம்மையைத் தொட்டு ஒரு எண்ணைச் சொல்வது. இது எவ்வளவு கஷ்டம் என்று பெரியவர்களுக்குப் புரியாது. குழந்தையின் வாய் ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடாது. கை யானையிலேயே நிற்கும், வாய் ஆறுக்குப் போய்விடும். சிலதுக்கு நேர்மாறாக, ஒண்ணு என்று இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள் கை எல்லாப் பொம்மைகளையும் தடவிவிட்டு வந்துவிடும். அதனால் தொட்ட பொம்மையைத் தூக்கிக் கூடையில் போட வைத்தேன். ஒண்ணு, கூடையில் போடு. ரெண்டு, கூடையில் போடு. கூடையில் போடுவதில் இருக்கிற ருசிக்காகவாவது வாய் நின்று நிதானித்தது.

அடுத்த வம்பு, எத்தனை என்ற கேள்வி. பூனைக்காரி ஒரு நாள் ஐந்து பொம்மைகளைப் பிசகாமல் எண்ணிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை பொம்மை கண்ணு என்றேன். அவள் மறுபடியும் ஒண்ணிலிருந்து தொடங்கி ஐந்து வரைக்கும் எண்ணினாள். சரி, எத்தனை என்றேன். மறுபடியும் எண்ணினாள். கடைசியாகச் சொன்னதுதான் மொத்தம் என்பது நமக்குப் பிறவியிலேயே வந்ததுபோல இருக்கிறது. அவளைப் பொறுத்தவரை எத்தனை என்றால் எண்ணு என்று அர்த்தம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவள் பாவம் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

எல்லாரையும்விட என்னைப் படுத்தியவள் கரடிக்காரி. இரண்டரை வயது, குண்டுக் கன்னம், பிடிவாதம். முதல் நாள் வரிசையில் கரடி மூன்றாவதாக உட்கார்ந்திருந்தது. நான் எண்ணும்போது அதைத் தொட்டு மூணு என்றேன். போயிற்று. அன்றிலிருந்து அந்தக் கரடியின் பெயர் மூணு. கரடியை முதலில் வைத்து எண்ணச் சொன்னால், "மூணு, ரெண்டு," என்று தொடங்குவாள். கடைசியில் வைத்தாலும் மூணுதான். மூணு தூங்கிவிட்டான், மூணுக்குச் சட்டை வேண்டும், மூணு என்னை அடித்துவிட்டான். ஒருவேளை நான் இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் புரிந்துகொள்வாள் என்று பல நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு நாள், மூணை எடுத்துக்கொண்டு சாப்பிட வா என்று நானே கூப்பிட்டேன். சமையலறையிலிருந்து ஆயாம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

யானை அந்தப் பூக்காரப் பெண்ணின் மகனுக்கு. எண்ணச் சொன்னால் அவன் யானையைத் தொடுவான், வேறு எதையும் தொடமாட்டான். அவனுடைய கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் திறப்பதில்லை. தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. மாதாமாதம் வருகிற கிருத்திகைக்குத் திறப்போம், அன்றைக்குத்தான் பூக்கடை, டிபன் கடை அம்மாக்களுக்கு வேலை கழுத்தைப் பிடிக்கும். போன வருஷம் அப்படி ஒரு கிருத்திகை. யானைக்காரனை அவன் அம்மா மஞ்சள் சட்டை போட்டுக் கொண்டுவந்து விட்டாள். ஐந்து வயது வரைக்கும் கிருத்திகைக்கு மஞ்சள் உடுத்துவதாக வேண்டுதலாம். நேரமாகிறது என்று அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டு ஓடினாள்.

பத்து மணிக்கு மேல் பம்பைச் சத்தம் கேட்டது. பூக்காவடி வருகிறது. குழந்தைகளை அடக்க முடியவில்லை. பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கேட்டுக்கு உள்பக்கம் வரிசையாக நின்றார்கள். காவடிகள் போன பிறகு, வேனில் வந்த ஒரு கூட்டம் எங்கள் கேட்டருகே நின்றது. நகரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள், நாலைந்து குடும்பம் சேர்ந்து வந்திருந்தார்கள். பெரியவர்கள், சின்னவர்கள் எல்லாரும் மஞ்சள். வெயிலில் குழந்தைகள் சோர்ந்துபோயிருந்தன, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று தெலுங்கில் கேட்டார்கள். வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டவர்களைக் கம்பிக்கு வெளியிலேயே நிற்க வைத்துக் கொடுப்பது எங்கள் தெருவில் வழக்கம் இல்லை. ஆயாம்மா கேட்டைத் திறந்தார். நான் இன்னொரு குடம் எடுத்துவர உள்ளே போனேன்.

அவர்கள் குழந்தைகள் குடித்ததும் எங்கள் குழந்தைகளுக்கும் அதே டம்ளரில் குடிக்க வேண்டும். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. பொம்மைகள் நனைந்தால் நாறும் என்று ஆயாம்மா எல்லாவற்றையும் குழந்தைகள் கையிலிருந்து பிடுங்கி டப்பில் போட்டுக்கொண்டார். கூட்டம் கிளம்பியது, கேட்டை மூடினோம், குழந்தைகளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தோம். நான் ஈரச் சட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆயாம்மா டப்பிலிருந்த பொம்மைகளை எடுத்து வழக்கம்போல வரிசையாகப் பாயில் வைத்தார். நான் திரும்பிப் பார்த்து எண்ணினேன். பதினொன்று. சரியாக இருந்தது.

பிஸ்கட் நேரம். எங்களிடம் ஒரு முறை உண்டு, பிஸ்கட்டை முதலில் பொம்மையின் முன்னால் வைப்போம். பொம்மை சாப்பிட்டுவிட்டதாகப் பாவனை செய்துவிட்டு அந்தந்தக் குழந்தை எடுத்துச் சாப்பிடும். தட்டிப் பறிப்பது இதனால் குறைந்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கரடிக்காரி வந்து என் புடவையை இழுத்தாள். யானை சாப்பிடவில்லை என்றாள். அப்புறமாகச் சாப்பிடும் போ என்றேன். போய்விட்டு மறுபடியும் வந்தாள். நான் திரும்பாததால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மிஸ், ஆனைக்கு ஆளு இல்ல."

பார்த்தேன். யானையின் பின்னால் பாய் காலியாக இருந்தது.

டீ என் மடியில் கொட்டியது அப்புறம்தான் தெரிந்தது. கழிப்பறை, சமையலறை, கட்டிலடி, மாடிப்படி எல்லாம் பார்த்தோம். எங்கும் இல்லை. ஆயாம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள், கேட்டைப் பூட்டிக்கொண்டு மற்றவர்களைப் பாருங்கள் என்று கத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

எங்கள் தெருவில் கூட்டம் ஒரே திசையில்தான் போகும், மலையைப் பார்த்து. மலைக்கு முன்னால் குளம் இருக்கிறது. எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை, குளத்துப் படிகள்தான் கண்ணுக்குள் நின்றன. நான் பயந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள் சட்டை போட்ட குழந்தை. ஒவ்வொன்றின் தோளையும் பிடித்துத் திருப்பினேன், ஓரிருவர் என்னைத் திட்டினார்கள். வழியில் ஒரு பெரியவர் என்னை மறித்து, "எவ்ளோம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், யானையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பொம்மை விற்கிறவள் என்று நினைத்துவிட்டார்.

குளத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பூக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றுவழி இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், யோசித்தேன். அதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். மடியில் இருந்த பூவெல்லாம் மண்ணில் கொட்ட எழுந்தாள், எனக்கு முன்னால் ஓடினாள்.

குளக்கரையில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீரைப் பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் வரிசையாகப் படியில் இறங்கிக்கொண்டிருந்தன. மைக்கில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மகனின் செல்லப்பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே படிப்படியாகப் போனாள், குரல் போகப்போகக் கம்மிவிட்டது.

கடைசியில், குளத்துக்கு மறுபக்கம் வேன்கள் நிற்கிற இடத்தில்தான் இருந்தான். வேப்பமர நிழலில் ஒரு பெட்ஷீட்டை விரித்து, அதே தண்ணீர் கேட்ட கூட்டம் உட்கார்ந்திருந்தது. குழந்தைகளுக்கு இலைத் துண்டுகளில் புளிச்சோறு. அந்தப் பந்தியின் நடுவில், வாயெல்லாம் புளிச்சோறோடு, யானைக்காரன்.

அந்தப் பெண்கள் எங்களைவிட அதிகமாகப் பதறிவிட்டார்கள். ஒருத்தி, ஓரகத்தியின் தங்கை பிள்ளை என்று நினைத்திருக்கிறாள். ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரர்களோடு வந்த பிள்ளை என்று நினைத்திருக்கிறாள். மஞ்சள் சட்டையில் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற குழந்தையை யார் சந்தேகப்படுவார்கள்? கிளம்பும்போது எத்தனை பிள்ளைகள் என்று எண்ண மாட்டீர்களா என்று நான் ஆத்திரத்தில் கேட்டேன். அவர்களில் மூத்தவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிள்ளைகளை யாராவது எண்ணுவார்களா, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றாள். அது உண்மைதான். அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கூட ஒன்று வந்ததைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்டதும் மலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ஊருக்குத் திரும்புவதாக இருந்தார்களாம். அந்த வேனை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பூக்காரப் பெண் மகன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவன் அழுவதற்குள் வாரி எடுத்துக்கொண்டாள். அவன் என் கையிலிருந்த யானையை எட்டிப் பிடுங்கிக்கொண்டான். அப்புறம் அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க எண்ணலியா மிஸ்?"

"எண்ணுனேன். பொம்மைய எண்ணுனேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. "நீங்கதான எண்ணக் கூடாதுன்னீங்க," என்றும் சொன்னேன்.

அவள் பெட்ஷீட்டின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், போகவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வந்த எல்லா அம்மாக்களிடமும் நடந்ததை நானே சொன்னேன். எப்படியும் தெருவில் பேசத்தான் போகிறார்கள், என் வாயால் கேட்கட்டும். ஒரு குடும்பம் மறுநாளிலிருந்து வரவில்லை. நியாயம்தான். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு அனுப்பினார்கள், அவர்களுக்கும் வேறு வழி இல்லை. கேட்டுக்கு உள்பக்கமாக, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டோம். ஆயாம்மா இரண்டு நாள் பொம்மைகளைக் கையால் தொடவே இல்லை.

இனிமேல் தலையைத்தான் எண்ணப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஆங் என்றார், அவ்வளவுதான். ஆனால் நான் எண்ணும்போது பின்னால் நின்றுகொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். மந்திரமோ, என்னைத் திட்டுகிறாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. கரடிக்காரிக்கு இதில் ஒரு புது விளையாட்டு கிடைத்தது. மூன்றாவது தலையைத் தொட்டதும், அது மூணு இல்லை, மூணு இங்கே இருக்கிறான் என்று கரடியைத் தூக்கிக் காட்டுவாள்.

பூக்காரப் பெண் வரவில்லை. கடைக்கே மகனைக் கூட்டிப்போய், இடுப்பில் ஒரு துணியைக் கட்டி மேசைக் காலோடு முடிந்து வைத்திருக்கிறாள் என்று ஆயாம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னார். அந்த வெயிலில், அந்தப் புழுதியில். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. போய்க் கூப்பிடலாமா என்று நினைப்பேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று விட்டுவிடுவேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் மற்ற குழந்தைகள் எல்லாம் வந்த பிறகு அவள் கேட்டருகே வந்து நின்றாள். இடுப்பில் பையன், அவன் கையில் யானை. குளக்கரையில் பிடுங்கிக்கொண்டு போனதுதான். உள்ளே வாருங்கள் என்றேன். அவள் வாசலிலேயே அவனை இறக்கிவிட்டாள். அவன் யாரையும் பார்க்காமல் நேராகப் போய்ப் பாயில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அன்றைக்குக் குளக்கரையில் நான் பேசியது தப்பு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் அதைக் கேட்க வரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பூக்கட்டுகிறவளின் விரல்கள், ஈரமாக, சில்லென்று இருந்தன.

"எண்ணுங்க மிஸ். இவன் தலையத் தொட்டே எண்ணுங்க. ஆனா எங்காதுல வுழக் கூடாது. நான் அந்தாண்ட போயி நிக்கிறேன். எண்ணி முடிச்சிட்டு ஒரு கொரல் குடுங்க, அப்புறமா கடைக்குப் போறேன்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். நான் உள்ளே போய் எண்ணினேன். மெதுவாகத்தான், உதடு மட்டும் அசைகிற மாதிரி. அவன் தலையில் கை வைத்தபோது என் கை கொஞ்சம் நின்றது. அவன் அண்ணாந்து பார்த்தான். எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த தலைக்குப் போனேன். ஆயாம்மா அன்றைக்கு முணுமுணுக்கவில்லை.

முடித்துவிட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. எதிர்வீட்டு மின்கம்பத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அப்படி நிற்கிறவளுக்கு என் குரல் எப்படிக் கேட்கும்? இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய் அவள் தோளைத் தொட்டேன்.

கையை எடுத்தாள். எத்தனை என்று கேட்கவில்லை.

"கீறானா மிஸ்?"

"இருக்கான்," என்றேன்.